பலகை இல்லாத வளைவு

மஞ்சிமலைப் பாதையில் ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவுக்கும் பத்தாம் வளைவுக்கும் நடுவில் புதிதாக ஒரு வளைவு முளைத்திருந்ததை முதலில் பார்த்தவர் பால்வண்டிக்காரர்தான், அது ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் காலை, அவர் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை, மழை பெய்தால் மண் சரியும், மரம் சாயும், பாறை உருண்டு ரோட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அந்த வகையில் இதுவும் ஒன்று என்று நினைத்து, எப்போதும் போல எதையோ முனகிப் பாடிக்கொண்டே மலையேறி வந்து, டீக்கடை பெஞ்சில் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்து, "கீழே ஒரு வளைவு கூடியிருக்குய்யா, பாத்துப் போங்க" என்றார். டீக்கடைக்காரர், "அப்படியா, உமக்குச் சர்க்கரை போடவா வேண்டாமா?" என்று கேட்டார்.

அந்த மலையில் வளைவுக்கு வளைவு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் மேலிருந்து கீழாக நம்பர் உண்டு. இதற்குப் பலகை இல்லை. ரோட்டுக்காரர்கள் வந்து டேப் பிடித்து அளந்தார்கள், அளக்கும்போது வளைவு இல்லை. ஒரு பலகை நட்டுப் பார்த்தார்கள், மறுநாள் பலகை இருந்தது, அதிலிருந்த எழுத்து இல்லை. நடந்து போகிறவர்கள் கண்ணில் அது படவே இல்லை, ஆடுமாடுகளுக்கும் அது வழிவிட்டது, சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தவர்களுக்கு மட்டும்தான் அது வந்தது, அதுவும் எல்லா நாளும் அல்ல, மூடுபனியாக மஞ்சு இறங்கிய நாளில்.

உள்ளே நுழைந்த வண்டி திரும்பிக்கொண்டே இருக்கும். வலது பக்கம் வியர்த்து வடிகிற பாறை, இடது பக்கம் வெள்ளைப் படுதா மாதிரி மஞ்சு, ஸ்டீயரிங்கை ஒடித்த டிரைவரின் கை ஒடித்தபடியே மரத்துப்போக, நேர்ரோடு இதோ வரும் அதோ வரும் என்று கழுத்தை நீட்டிப் பார்த்துப் பார்த்து, கடைசியில், நாம் எங்கே போகக் கிளம்பினோம், எதற்குக் கிளம்பினோம், வீட்டில் யாரிடம் சொல்லிவிட்டு வந்தோம் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பிக்கும், தேயிலைக் கொழுந்துக்கூடை அடியில் ஓட்டை விழுந்தால் எப்படியோ அப்படி.

முட்டைக்கோசு லாரி சின்னக்காளை உள்ளே போனவன் போனவன்தான். அவன் நல்ல டிரைவர், மலையே அவனுக்கு மனப்பாடம், ஆனால் எந்நேரமும் ஒரு கன்னத்தில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு வாயே திறக்காமல் ஓட்டுகிறவன். அவன் லாரியில் மூன்று சத்தம் அடுக்கின ஏர்ஹாரன் உண்டு, பெண் பிள்ளைகளைக் கண்டால் அடிப்பான், கல்யாண வீட்டைக் கண்டால் அடிப்பான். லாரி காணாமல் போன பிறகும் மஞ்சு இறங்குகிற நாட்களில் அந்த மூன்று சத்தம் மட்டும் மலைக்குள்ளிருந்து கேட்டது, தூரத்தில், ரொம்பத் தூரத்தில், கிணற்றுக்குள் விழுந்த மாடு கத்துகிற மாதிரி. அவன் மனைவி வள்ளிமயில் அதைக் கேட்டுக்கொண்டேதான் கொழுந்து பறித்தாள். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நெற்றிப் பொட்டு அழியாமல், ராத்திரிச் சோற்றில் அவன் பங்கை எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டாள். அழுதால் அவன் செத்துப்போனதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஊரிலும் யாரையும் அழ விடவில்லை. துக்கம் கேட்க வந்த ஒருத்தியை, "எந்த வீட்டுத் துக்கம்? வழி தப்பி வந்துட்டியா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள்.

வளைவுக்கு என்ன வேண்டும் என்பதைச் சின்னப்பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூட வேன் ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டு சுற்றோ சுற்று என்று சுற்றியபோது, பயத்தில் பாவாடையை நனைத்துவிட்ட ஒரு பிள்ளை, வேறு ஒன்றும் தெரியாமல் காலைப் பிரேயர் பாட்டை எடுக்க, மற்ற பிள்ளைகளும் அழுதுகொண்டே சேர்ந்து பாட, வேன் பொசுக்கென்று பத்தாம் பலகைக்கு முன்னால் போய் நின்றது. அன்றைக்குத்தான் பால்வண்டிக்காரரும் நெற்றியில் அடித்துக்கொண்டார், "அட, நான் தினம் முனகிட்டேல்ல போறேன்!"

அதற்கு மேல் ஊர் அதைப் பழக்கமாக்கிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. மழை வந்தால் குடை எடுக்கிற மாதிரி, வளைவு வந்தால் பாட்டு. ஜீப் வைத்திருந்த ஒருவர் பெரிய ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டு போனார், பாட்டும் ஓடிக்கொண்டே இருந்தது, வளைவும் ஓடிக்கொண்டே இருந்தது, தொண்டையிலிருந்து வருவதைத்தான் அது கேட்கும் என்று தெரிந்து, பாட்டே தெரியாத அந்த மனுஷன் தள்ளுவண்டியில் காய்கறி விற்ற காலத்தில் கூவின கூவலைக் கூவி வெளியே வந்தார். கல்யாண வேனில் பெண்வீட்டார் ஒரு பாட்டு, மாப்பிள்ளை வீட்டார் ஒரு பாட்டு என்று போட்டி வைத்தார்கள். 'வேலவன்' மினிபஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் 'பாடுபவர்' என்று பெயின்ட் அடித்தார்கள், அங்கே உட்காருகிறவருக்கு டிக்கெட் கிடையாது. கண்டக்டர் குத்தூஸ் விசில் ஊதியதும் முதலில் கேட்பது, "யாருக்கெல்லாம் தொண்டை நல்லாருக்கு? சளி பிடிச்சவங்க பின்னால போங்க" என்பதாக ஆனது.

கோவில்காரர்களும் சர்ச்காரர்களும் பள்ளிவாசல்காரர்களும் டீக்கடையில் கூடி, சண்டையில்லாமல் ஒரு விஷயத்தை முடிவு பண்ணினார்கள் என்றால் அது இந்த ஒன்றுதான். வளைவுக்கு மங்களமான பாட்டுதான் ஆகும், அழுகை ஆகாது. காரணம் இருந்தது. அண்ணன் சாவுக்குப் போய்த் திரும்பிய ஒரு பெண் வளைவுக்குள் அடக்கமாட்டாமல் விம்மியபோது, வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, தூரத்தில் கேட்கிற அந்த ஏர்ஹாரன் ஜன்னலுக்குப் பக்கத்தில் கேட்டது, பஸ்ஸே அலறியது, நாலு பேர் சேர்ந்து அவள் வாயைப் பொத்தினார்கள். அதற்குப் பிறகு மினிபஸ்ஸில் 'புகை பிடிக்கக் கூடாது', 'கை தலை நீட்டக் கூடாது' என்று எழுதியிருந்ததற்குக் கீழே சிவப்பு பெயின்டில் 'அழக் கூடாது' என்றும் எழுதினார்கள். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் வளைவு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்கள். அப்படி உட்கார்ந்திருந்த நாட்களில் வளைவு இன்னும் கொஞ்சம் நீண்டது. அதை யாரும் சேர்த்து யோசிக்கவில்லை.

அந்த 'பாடுபவர்' சீட்டில் அதிகமாக உட்கார்ந்தவர் தவசி. தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்துகிற மாடியில் வேலை பார்த்தவர், தை மாதம் பழனிக்கு நடக்கிற கூட்டத்துக்கு முன்னால் பாடிக்கொண்டு போகிறவர், அவர் ஒரு அடி எடுத்து விட்டால் பின்னால் வருகிறவர்களின் கால் கொப்புளம் மறந்துபோகும் என்பார்கள். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. வாரத்துக்கு இரண்டு தடவை மலையிறங்கி, கீழே ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் பண்ணி ஏற்ற வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், அடுத்ததும் தவறினால் நெஞ்சில் நீர் கோர்த்துக்கொள்ளும், அதற்கு மேல் டாக்டர் சொல்லவில்லை, மாடத்தியும் கேட்கவில்லை.

மாடத்தி அவர் மனைவி. பச்சைக்கொழுந்து பறிக்கிறவள். அவள் பாடி யாரும் கேட்டதில்லை. பெற்ற பிள்ளைகளுக்குத் தாலாட்டுக்கூடப் பாடாதவள், தொட்டிலை ஆட்டுவது அவள், பாடுவது தவசி என்றுதான் அந்த எஸ்டேட் லைன் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் முடித்துத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போனார்கள். "ஒன் பொண்டாட்டி ஊமையா அண்ணே?" என்று குத்தூஸ் கேலி பண்ணுவான். "என்கிட்ட மட்டும் பேசுவா, அதையே நாடு தாங்காது" என்பார் தவசி.

அவளுக்குப் பாட்டுத் தெரியாமல் இல்லை. அவளுடைய அம்மா கோவில்பட்டிக்குத் தெற்கே சாவு வீடுகளுக்கு ஒப்பாரி பாடப் போகிறவள், மாடத்திக்கு வாயில் பால் பல் இருக்கும்போதே அத்தனையும் காதில் இறங்கிவிட்டது, அதைத் தவிர வேறு பாட்டு இறங்க இடமே இல்லை. "இதை உசிரோட இருக்கிறவங்க முன்னால வாய் விட்டுச் சொல்லக்கூடாதுடி, சொன்னா கூப்பிட்ட மாதிரி ஆயிரும்" என்று அம்மா சொல்லித்தான் வைத்திருந்தாள். ஒருநாள் மத்தியானம், விளையாட்டுக்கு, கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, பொம்மைக்குப் பாடுகிற மாதிரி ஒரு ஒப்பாரியைப் பாடினாள். மறுநாள் அப்பா பனையிலிருந்து விழுந்து செத்துப்போனார். அவள் பாடியதை யாரும் கேட்கவில்லை, யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மூடின வாய்.

வழக்கமாகப் பங்குனியில் பெய்யாத மழை அந்த வருஷம் பங்குனியில் பெய்து மண் சரிந்து ரோடு அடைந்தது. தவசிக்கு ஒரு தடவை தவறிப்போனது. ரோட்டைத் திறந்த காலையில் அவர் கால் இரண்டும் பானை மாதிரி இருந்தன, மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. குத்தூஸ் அவரைத் தோளில் சாய்த்துத் தூக்கி 'பாடுபவர்' சீட்டில் உட்கார வைத்தான். "இன்னிக்கு நீங்க பாட வேண்டாம் அண்ணே, சும்மா உக்காருங்க. நான் இருக்கேன், சேவியர் அண்ணன் இருக்காரு." டிரைவர் சேவியர் கண்ணாடியில் பார்த்து, "ஆமா, இவன் பாடினா வளைவு காதப் பொத்திக்கிட்டு நம்மள வெளிய தள்ளிரும்" என்றார். தவசி சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது.

மஞ்சுக்குப் பயந்து அன்றைக்கு அதிகக் கூட்டம் இல்லை. பின் சீட்டில் வள்ளிமயில் இருந்தாள். வாரம் ஒருதடவை கீழே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், லாரி கிடைத்ததா என்று கேட்டுவிட்டு வருவது அவள் வழக்கம். கையில் தூக்குச்சட்டி வைத்திருந்தாள். ஒருவேளை கிடைத்துவிட்டால் அவன் பசியோடு இருப்பானே என்று.

ஒன்பதாம் பலகையைத் தாண்டியதும் வண்டிக்குள் வெளிச்சம் குறைந்தது. பலகை இல்லாத வளைவு ஆரம்பித்தது.

சேவியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மாதாவுக்கு ஒரு பாட்டு எடுத்தார். பாறை நகர்ந்தது, மஞ்சு நகர்ந்தது, வளைவு முடியவில்லை. குத்தூஸ் அவன் ஊர்த் தர்கா கந்தூரியில் பாடுகிற பாட்டை எடுத்தான், முதல் அடிக்குச் சரியாக இருந்தது, பிறகு அவனுக்கே சலித்துவிட்டது, நடைக்கு நடை அதே பாட்டை டிக்கெட் கிழிக்கிற மாதிரி பாடிப் பாடி அதில் சாரமே இல்லாமல் போயிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து பாடினார்கள். கைதட்டிப் பாடினார்கள். வளைவு முடியவில்லை. டீசல் முள் சாய்ந்துகொண்டே வந்தது. பாறையிலிருந்து வடிந்த தண்ணீர் மேலே ஏற ஆரம்பித்திருந்ததை மாடத்தி பார்த்தாள், பார்த்துவிட்டு வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"குத்தூசு," என்றார் சேவியர், "நாம எந்த ஊருக்குடே போறோம்?"

"விளையாடாதீங்க அண்ணே."

"விளையாடல. ஞாபகம் வரலை."

குத்தூஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அவனுக்கும் வரவில்லை. கையிலிருந்த டிக்கெட் புத்தகத்தைப் பார்த்தான், அது எதற்கு என்று தெரியாதவன் மாதிரி. பின்னால் வள்ளிமயில் தூக்குச்சட்டியைத் திறந்து, இந்தச் சோறு யாருக்கு என்று யோசிக்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் மூன்று சத்தம் கேட்டது.

மாடத்தி தவசியின் கையைப் பிடித்தாள். "நாம ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், "ஆஸ்பத்திரிக்குப் போறோம், மெஷின் இருக்கு, வெள்ளைச் சட்டை போட்ட தங்கச்சி ஊசி போடுவா, ஆஸ்பத்திரிக்குப் போறோம்." சொல்லச் சொல்ல அந்த வார்த்தையும் அவள் வாயில் மெலிந்துகொண்டே வந்தது. தவசி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். நல்ல மனுஷர், தெரியாதவர்களிடம் எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசினார்.

"யாரு தாயி நீ? எந்த ஸ்டாப்ல ஏறின?"

மாடத்திக்கு அடிவயிற்றில் பனையிலிருந்து ஒருவர் விழுந்தார். பாடினால் இவர் போய்விடுவார். பாடாவிட்டால் இவர் இங்கேயே, இந்தப் பாறைக்கும் மஞ்சுக்கும் நடுவில், பெண்டாட்டி யார் என்றுகூடத் தெரியாமல் மூச்சு முட்டிப் போய்விடுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே முகம். முருகனைக் கூப்பிட்டாள், வரவில்லை. அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா வந்தாள், வந்தவள் எப்போதும் வருகிற மாதிரி மாரில் ஒரு கையை வைத்துக்கொண்டு வந்தாள்.

மாடத்தி வாயைத் திறந்தாள். முதலில் குரல் வரவில்லை, பூட்டியே கிடந்த கதவின் கீல் சத்தம்தான் வந்தது. பிறகு வந்தது.

*பச்சைத் தேயிலைக்குள்ள – நான்*
*பாம்புக்குப் பயந்து நின்னேன்,*
*பக்கத்து நிரையிலிருந்து – என் ராசா*
*பாடியில்ல வழி குடுத்தே.*

குத்தூஸ் 'அழக் கூடாது' என்று எழுதியிருந்ததைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், "மதினி, வேண்டாம் மதினி!" என்று எழுந்தான். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது, விழுந்துவிடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாடத்தி நிறுத்தவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டாள், அவர் கையை மட்டும் விடவில்லை.

*கம்பளிக்குள்ளும் குளிருன்னு – உன்*
*கைச்சூட்ட எனக்கு வச்சே,*
*கை ரெண்டும் சில்லுன்னு போனா – என் ராசா*
*கதவ நான் எங்க தட்ட?*

பக்கத்தில் எங்கேயோ ஏர்ஹாரன் கேட்டது. பக்கத்தில்தான், பாறைக்கு அந்தப் பக்கம் மாதிரி. அம்மா சொல்லிக்கொடுத்ததில் இல்லாத ஒரு அடி மாடத்தியின் வாயில் தானாக வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று பிறகு எத்தனை பேர் கேட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

*கோசு ஏத்திப் போன மகன் – நீ*
*கொண்ட வழி தெரியலியே,*
*கூப்பிட ஆளில்லேன்னா – என் மகனே*
*கூட்டுக்குள்ள இருந்துகிட்ட?*

பின் சீட்டில் தூக்குச்சட்டி உருண்டது. வள்ளிமயில் அழுதாள். ஐப்பசியிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து, மாரில் அடித்துக்கொண்டு, "ஏ பாவி, எங்கய்யா இருக்க?" என்று மலை அதிர அழுதாள். சேவியர் ஸ்டீயரிங்கின் மேல் கண்ணீர் சிந்தினார், அவருக்கு யாரை நினைத்து என்றே தெரியவில்லை. மாடத்தி, உள்ளங்கையில் இருந்த அந்தக் கை குளிர்ந்துவிட்டதா குளிர்ந்துவிட்டதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே, அடுத்த அடியை எடுக்க மூச்சை இழுத்து, முடியாமல் தேம்பி நின்றாள்.

"ஏட்டி மாடத்தி," என்றது ஒரு குரல். "நிறுத்தாத. அடுத்த அடி என்ன?"

அவள் கண்ணைத் திறந்தாள். தவசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கை இன்னும் சூடாத்தான இருக்கு," என்றார், உலை கொதிக்கிற அந்த மூச்சுக்கு நடுவில். "அதுக்குள்ள என்ன அவசரம் ஒனக்கு? ஆனா பாட்டு நல்லாருக்குட்டி. இத்தனை வருசமா இதை எங்க வச்சிருந்த?"

சேவியரின் கை தானாக நேரானது. மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, பத்து. பஸ்ஸுக்குப் பின்னால், மஞ்சைக் கிழித்துக்கொண்டு, மூன்று சத்தம் அடுக்கி அடித்துக்கொண்டு, கோசு லாரி வந்து நின்றது. கோசு வாடவில்லை, மேலிருந்த பனித்துளி காயவில்லை, சின்னக்காளையின் கன்னத்தில் அதக்கின வெற்றிலை சிவப்பு மாறாமல் இருந்தது. அவன் இறங்கி, வெற்றிலையைத் துப்பிவிட்டு, "என்ன, பஸ்ஸ நடு ரோட்டுல போட்டு எல்லாரும் அழுதுகிட்டு இருக்கீங்க?" என்று கேட்டான். வள்ளிமயில் போய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, நாலு அடி அடித்துவிட்டு, கீழே உருண்ட தூக்குச்சட்டியில் மிச்சம் இருந்த சோற்றை அவனிடம் நீட்டினாள். அவன் அதைத் தின்றுகொண்டே சொன்னான்: "திரும்பிட்டே இருந்தேன், எந்தப் பக்கம்னே தெரியல. எனக்காக யாரோ அழுவுற சத்தம் கேட்டுச்சு. அழுவுற ஆளு இருக்கிற பக்கந்தான வீடு இருக்கும்னு அந்தச் சத்தத்துப் பக்கமா ஒடிச்சேன்."

குத்தூஸ் அன்றைக்கே ஆணியை எடுத்து, 'அழக் கூடாது' என்பதைச் சுரண்டிவிட்டான். சரியாகச் சுரண்ட வரவில்லை, 'கூடாது' மட்டும் போனது. 'அழ' என்று நின்ற அந்த வார்த்தையை யாரும் பிறகு தொடவில்லை. வளைவு போய்விடவில்லை, அது அங்கேயேதான் இருந்தது, மஞ்சு இறங்கினால் வந்தது. பாடுகிறவர்கள் பாடினார்கள், அழுகிறவர்கள் அழுதார்கள், இரண்டுக்கும் அது வழிவிட்டது. சின்னக்காளை மட்டும் வெற்றிலையை விட்டுவிட்டு, கட்டைக் குரலில் எதையோ கத்திக்கொண்டு ஓட்டினான், எதிரே வருகிறவர்கள் அதைக் கேட்டே ஒதுங்கிக்கொண்டார்கள்.

தவசி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார், ரத்தம் சுத்தமானது, கால் வடிந்தது. மாடத்திக்குத்தான் ஒன்றும் வடியவில்லை. பாடிவிட்டோமே என்று, மறுநாள் விடியலில் எழுந்து அவர் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். அதற்கு மறுநாளும் பார்த்தாள். கொழுந்து பறிக்கிற இடத்தில் யாராவது வேகமாக நடந்து வந்தால், தன்னிடம்தான் வருகிறார்கள் என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். ஒருநாள் அவர் விழித்துக்கொண்டே அவள் விரலைப் பிடித்துவிட்டார். அப்போதுதான் அப்பாவின் கதையைச் சொன்னாள், அது நடந்த பிறகு முதல் தடவையாக ஒரு மனுஷரிடம். கேட்டு முடிக்கும் வரை அவர் அவள் விரலை விடவில்லை.

"முந்தின நாள் மழை பேஞ்சிச்சா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தாள். "பேஞ்சிச்சு."

"அப்போ மரம் வழுக்கியிருக்கும். பாட்டுக்கு வழுக்கத் தெரியாதுட்டி."

அவள் நம்பினாளா என்றால், பாதி நம்பினாள். மீதிப் பாதி பயத்தை வைத்துக்கொண்டேதான் பஸ் ஏறினாள். வளைவு வந்தால் தவசி அவள் முழங்கையை இடிப்பார், "மிச்சத்தையும் பாடு." அவள் பாடுவாள். ஒவ்வொரு அடியிலும் அவர் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பாடுவாள். அவர் நடுவில் நிறுத்தித் திருத்தம் சொல்வார், "ராசா ராசாங்கிறியே, எந்த ராசான்னு சனங்களுக்கு எப்படித் தெரியும்? பேரச் சொல்லு." அல்லது, "எனக்கு வெள்ளைக் குதிரை எங்கட்டி இருந்துச்சு? சைக்கிள்னு போடு." பஸ்ஸே சிரிக்கும். சிரித்துக்கொண்டிருந்த அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் கூடத்தான் செய்தது. ஆனாலும் பாடினாள். அம்மாவிடமிருந்து வந்த அத்தனை ஒப்பாரியும், போகும்போது கொஞ்சம், வரும்போது கொஞ்சமாக, உயிரோடு இருந்த ஒரு மனுஷரின் காதில் ஒன்று விடாமல் இறங்கி முடிந்தன.

இன்னொரு ஐப்பசியும் மழையும் வந்து போய், ஒரு பங்குனி மத்தியானம், கீழே ஆஸ்பத்திரியில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தண்ணீர் கேட்டு, இரண்டு மடக்குக் குடித்து, "போதும்" என்றார் தவசி. அவ்வளவுதான். வெள்ளைச் சட்டை போட்ட அந்தத் தங்கச்சிதான் அழுதாள். மாடத்தி அவர் காலைத் தொட்டுப் பார்த்தாள், வீக்கமே இல்லை, மெலிந்த, பழனிக்கு நடந்த கால்.

மேலே கொண்டுபோக ஆம்புலன்ஸ் கொடுத்தார்கள். டிரைவர் சமவெளிக்காரர், மலைக்குப் புதிது. அவளை முன்னால் உட்காரச் சொன்னார், அவள் பின்னால், தவசி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நடுவில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக டிரைவர் கேட்டார், "அம்மா, இந்த ரோட்டுல ஏதோ இருக்குன்னு சொல்றாங்களே?"

"இருக்கு," என்றாள் மாடத்தி. "ஒங்களுக்குப் பாட்டு வருமா?"

"சத்தியமா வராதும்மா."

மஞ்சு இறங்கியது. பத்தாம் பலகை பின்னால் போனது. இடது பக்கம் பாறை, வலது பக்கம் வெள்ளை. டிரைவரின் தோள் விறைப்பதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வண்டி திரும்பிக்கொண்டே இருந்தது.

அவள் அம்மாவைத் தேடி, அம்மாவைப் போலவே மாரில் கையை வைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஒரு அடிகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் அவர் கேட்டுவிட்டார். உலகத்தில் எந்தப் பிணமும் கேட்டிராத ஒப்பாரியை உட்கார்ந்து கேட்டு, திருத்தி, சிரித்து, குதிரையைச் சைக்கிளாக்கி, பேரைச் சேர்க்கச் சொல்லி, முடித்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அவர் மேல் போர்த்தியிருந்த துணிக்குள் அவள் கையை விட்டு அவர் கையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. இத்தனை நாளாகப் பயந்த அந்தக் குளிர் இதுதானா என்று பார்த்தாள். இதுதான்.

"அம்மா," என்றார் டிரைவர், "நாம எங்கம்மா போறோம்?"

"வீட்டுக்கு," என்றாள். அந்த வார்த்தை மெலிவதற்குள், தவசி பழனிக்கு நடக்கும்போது பாடுகிற பாட்டை எடுத்தாள். அதை அவள் அதுவரைக்கும் வாயால் தொட்டதில்லை. ராகம் அவர் வைத்த இடத்தில் நிற்கவில்லை, அங்கேயும் இங்கேயும் இடறியது.

*காலு வலிக்குதுன்னு – அட*
*கந்தன்கிட்டச் சொல்லாதே...*

நடக்கிற கூட்டத்தில் ஒருவர் பாடினால் மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். அவள் பாடிவிட்டு, வாங்கிப் பாட ஆளுக்கு இடம் விட்டாள். பிறகு, பாட்டே வராது என்று சத்தியம் பண்ணின அந்த மனுஷர், பல் கிட்டிக்கொள்கிற பயத்தோடு, வாங்கினார்.

*காலு வலிக்குதுன்னு... கந்தன்கிட்டச் சொல்லாதே...*

*கல்லும் நடக்குதடா,* என்று மாடத்தி அடுத்த அடியைக் கொடுத்தாள், *நீ மட்டும் நில்லாதே.*

ஒன்பதாம் பலகை மஞ்சுக்குள்ளிருந்து மஞ்சளாக எழுந்து வந்தது. டிரைவர் மூச்சு விட்டார். "வந்துட்டோமாம்மா? நிறுத்திரலாமா?"

"இன்னும் எட்டு வளைவு இருக்கு," என்றாள் மாடத்தி. "பாடுங்க. அவருக்குக் கால் வலிக்கும்."